காற்றில் ஓடிய மோட்டார்

தாம்பரத்தில் ரயில் ஏறி ஊரப்பாக்கம் வரை போய்ப் பாருங்கள். எந்தப் பெட்டியில் ஏறினாலும் நான் செய்த பல் செட்டு ஒன்று அதில் உட்கார்ந்து பிரயாணம் செய்துகொண்டிருக்கும். சும்மா சொல்லவில்லை. எதிர் சீட்டுக்காரர் சிரித்தால் போதும், அது என் வேலையா வேறு ஆள் வேலையா என்று சொல்லிவிடுவேன். மேல் வரிசையில் இரண்டாவது பல்லை நான் எப்போதும் ஒரு மயிரிழை திருப்பித்தான் வைப்பேன். எல்லாப் பல்லும் அட்டென்ஷனில் நின்றால் அது பொய்ப்பல் என்று ஊருக்கே தெரிந்துவிடும். இதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. நானாகப் பிடித்தது.

இப்படிப் பேச ஆரம்பித்தால் என் வீட்டில், "வந்திட்டாரு ஜில்லா கலெக்டரு" என்பாள். சொல்லட்டும். நான் வேலையை விட்டு இரண்டு வருடம் ஆகிறது. நான் இருந்த லேபில் இப்போது ஸ்கேனர் வந்துவிட்டது. வாய்க்குள் ஒரு சின்னக் கேமராவை விட்டுச் சுற்றினால் கம்ப்யூட்டரில் ஈறு, தாடை எல்லாம் வந்து நிற்கிறது. நல்ல மிஷின். எனக்குத் தெரிந்த பல கைகளைவிட அது சுத்தமாக வேலை செய்கிறது. அதில் உட்காரும் பிள்ளைகள்தான், எங்கள் பல் செட்டுத் தொழிலாளர் சங்க மலருக்காக, "காதர் பாய், உங்க சர்வீஸ்ல ரொம்ப கஷ்டமான கேஸ் எதுன்னு எழுதிக் குடுங்க" என்று கேட்டார்கள். கஷ்டமான கேஸ் என்றால் ஒன்றுதான். அதை எழுதுகிறேன்.

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கும் எனக்கும் தீர்ந்தது. பல்லாவரத்தில் ஒரு லேபில் பிளாஸ்டர் வாளி கழுவச் சேர்ந்தேன். மெழுகு உருக்கினேன், விரலைச் சுட்டுக்கொண்டேன், பாலிஷ் சக்கரத்தில் செட்டைப் பறக்கவிட்டு அடி வாங்கினேன். சில வருடங்களில், எனக்கு வாளி கொடுத்தவர் என்னிடம் பல் அடுக்குவதில் சந்தேகம் கேட்டார். படிப்பு அவ்வளவுதான். பிறகு மேற்குத் தாம்பரத்தில் டாக்டர் மங்கையர்க்கரசி புதிதாகக் கிளினிக் திறந்தபோது, பின்னறையில் எனக்கு ஒரு மேஜையும் செட்டைத் தேய்க்கிற மோட்டாரும் போட்டுக் கொடுத்தார். கடைசிவரை அங்கேதான்.

டாக்டரம்மாவைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கதையைச் சொல்ல முடியாது. அவர் குரல் உயர்த்தி நான் கேட்டதில்லை. எல்லாரையும் வாங்க போங்கதான், என்னையும் சேர்த்து. வருகிற ஆள் வாசலிலேயே வாயைத் திறந்துகொண்டு வருவார். இவர் வாயைப் பார்க்கமாட்டார். "உட்காருங்க. காலையில என்ன சாப்பிட்டீங்க?" என்பார். அந்த ஆள் பதில் சொல்லி முடிப்பதற்குள் கை, நகம், கழுத்து எல்லாவற்றையும் பார்த்து முடித்திருப்பார். நான் செய்த செட்டைக் கொடுத்தால் விளக்கில் காட்டி, உள்பக்கம் சுண்டுவிரலால் ஒரு சுற்றுத் தடவுவார். கண்ணுக்குத் தெரியாத முள் அந்த விரலுக்குத் தெரியும். நன்றாக இருந்தால் ஒன்றும் சொல்லமாட்டார். சரியில்லை என்றால் என் பக்கமாகத் திருப்பி மேஜையில் வைப்பார், டக் என்று. திட்டியிருந்தால் நான் பதிலுக்குப் பேசியிருப்பேன், எனக்கு வாய் நீளம். அந்த டக்குக்கு மட்டும்தான் நான் பயந்தேன்.

ஒரு முறை கோவிலம்பாக்கத்தில் இருந்து ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் வந்தார். கன்னத்தின் உள்பக்கம் சிலந்தி வலை போல வெள்ளைக் கோடுகள், நடுவில் சிவந்த புண். காரம் பட்டால் துடிக்கிறார். நான் எட்டிப் பார்த்துவிட்டு, செட்டின் கம்பிக் கொக்கி உரசுகிறது என்று உடனே தீர்ப்புச் சொன்னேன். டாக்டரம்மா அவருடைய சட்டைக் கையை மடக்கச் சொன்னார். மணிக்கட்டில் ஊதா நிறத்தில் சின்னச் சின்னத் தடிப்புகள். "அது அரிப்பு மேடம், அதுக்கும் பல்லுக்கும் சம்பந்தமில்ல" என்றார் ஆசிரியர். அவர் போனபிறகு டாக்டரம்மா என்னிடம் சொன்னார்: "வாயும் தோலும் ஒரே துணி, காதர். உதட்டுல மடிச்சுத் தைச்சிருக்கு, அவ்வளவுதான். மேல வர்ற நோய் உள்ளயும் வரும். சில சமயம் உள்ளதான் முதல்ல வரும்." அந்த நோய்க்கு லைக்கன் பிளானஸ் என்று பெயர். கொக்கியும் உரசத்தான் செய்தது. அதை எடுத்துவிட்டுக் கம்பியில்லாத செட்டு செய்து கொடுத்தேன், தோல் டாக்டர் மருந்து கொடுத்தார், புண் அடங்கியது. நான் சொன்னதும் பாதி சரி என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டேன். டாக்டரம்மா சொன்ன பாதியை மறந்துவிட்டேன்.

இப்போது ராணியம்மா கேஸ். பெரும்பாக்கம் குடியிருப்பில் இருந்து மகள் செல்வியோடு வந்தார். சிட்டிக்குள் ஆற்றோரம் இருந்தவர்களை எழுப்பி அங்கே வீடு கொடுத்தார்களே, அதில் ஒரு குடும்பம். பிளாக் வாசலில் சாயங்காலம் மீன் வறுத்து விற்பார். அறுபதைத் தொட்ட வயது, ஒரு பல்கூட இல்லை. முழு செட்டு செய்தேன். போட்டுக் கண்ணாடி பார்த்தவர், "இன்னா பாய், மாப்ள பாக்கலாம் போல கீதே" என்றார். வெயிட்டிங் ஹாலில் இருந்தவர்களும் சிரித்தார்கள். அந்த செட்டு என் கையில் இருந்து போன நல்ல செட்டுகளில் ஒன்று. டாக்டரம்மாவின் சுண்டுவிரல் ஒரு சுற்றில் திருப்தியானது.

நாலைந்து மாதம் கழித்து வந்தார். "பாய், உன் செட்டு என்ன கடிக்குது."

செட்டு கடித்தால் என்ன செய்வது என்பதற்கு ஒரு முறை இருக்கிறது. ஈரம் பட்டால் ஊதா மை விடும் பென்சில் ஒன்று உண்டு. வாயில் புண் இருக்கும் இடத்தைச் சுற்றி அதால் லேசாக மார்க் வைப்போம். செட்டைப் போட்டு அமுக்கிக் கழற்றினால், அழுத்துகிற இடத்தில் அந்த மை செட்டின் மேல் ஒட்டியிருக்கும். அந்த இடத்தை மட்டும் மோட்டாரில் ட்ரிம் செய்ய வேண்டும். சோதிடமே வேண்டாம், எங்கே கடிக்கிறது என்று செட்டே சொல்லிவிடும். சின்ன ட்ரிம் என்றால் டாக்டரம்மா என்னிடமே விட்டுவிடுவார், கேஸ் கார்டில் எழுதி வைத்தால் போதும். அன்று ஈறில் ஒரு புண். மார்க் வைத்தேன், லேசாக வந்தது, ட்ரிம் செய்தேன். சில நாளில் மறுபடி வந்தார், வேறு இடத்தில் புண். ட்ரிம் செய்தேன்.

இரண்டு மாதம் கழித்து மூன்றாவது முறை வந்தபோது ராணியம்மாவின் நடையே தளர்ந்திருந்தது. ஜாக்கெட் தோளில் தொளதொள என்று நின்றது.

"சோறு துன்னு எத்தினி நாளாச்சு தெரியுமா? கஞ்சித் தண்ணிதான். அதுவும் நெருப்ப முழுங்குற மாரி கீது" என்றார்.

"உடம்பு சூடுண்ணா" என்றாள் செல்வி. "மணத்தக்காளிக் கீர குடுத்தோம், தேங்காப் பால் குடுத்தோம், ஒண்ணுத்துக்கும் கேக்கல. மீனுக்கு மசாலா கலக்குனா ருசி பாக்கக்கூட முடில இதால."

"சூடும் இல்ல ஒண்ணும் இல்ல. இந்தாளு செட்டுதான். ஊர்ல அல்லார் கிட்டயும் சொல்லிக்கினுதான் கீறேன், பாய் கிட்ட மட்டும் பல்லு கட்டாதீங்கன்னு."

ஹாலில் ஆறேழு பேர். என் காது சூடாகிவிட்டது. டாக்டரம்மா அன்று ஊரில் இல்லை. அக்காவுக்கு ஆபரேஷன் என்று கோயம்புத்தூர் போயிருந்தார். புதிதாகச் சேர்ந்த ஒரு பெண் டாக்டர் பார்த்துக்கொண்டிருந்தார், நாங்கள் சின்ன டாக்டர் என்போம், அவர் வேறு ஒருவருக்குப் பல் பிடுங்கிக்கொண்டிருந்தார். நான் மார்க் வைத்தேன். புண் பின்னால், மெத்தென்ற அண்ணத்தில் இருந்தது. செட்டைப் போட்டு அமுக்கிக் கழற்றினேன். மார்க் வரவில்லை. இன்னொரு தடவை வைத்தேன். வரவில்லை. வராது, ஏனென்றால் செட்டு அந்த இடத்தைத் தொடவே இல்லை.

எங்கள் தொழிலில் ஒரு வித்தை உண்டு. எழுதக் கூடாதுதான், எழுதுகிறேன். செட்டு சரியாக இருக்கும், ஆனால் வந்தவர் கடிக்கிறது என்று அடம் பிடிப்பார். அப்போது செட்டைப் பின்னறைக்குக் கொண்டுபோய், மோட்டாரைப் போட்டு, செட்டில் படாமல் காற்றில் ஓட்டுவோம். ஜுர்ர் என்று சத்தம் கேட்கும். கழுவிக் கொண்டுவந்து போட்டால், "ஆங், இப்ப சரியாயிடுச்சு" என்பார். பாதிப் பேருக்கு அந்தச் சத்தமே மருந்து. நானும் எத்தனையோ பேருக்கு ஓட்டியிருக்கிறேன். அன்று ராணியம்மாவுக்கும் ஓட்டினேன். போட்டுப் பார்த்து, என் முகத்தைப் பார்த்து, "இப்ப தேவல" என்றார். கேஸ் கார்டில் "ட்ரிம் செய்தது" என்று எழுதி வைத்தேன்.

பத்து நாளில் செல்வி அவரை ஆட்டோவில் கூட்டிக்கொண்டு வந்தாள். கீழ் உதட்டில் ரத்தம் காய்ந்திருந்தது. தண்ணீர்கூட இறங்கவில்லை. பேச்சும் இல்லை, எனக்குக் கிடைத்த வசவும் இல்லை. அதுதான் எனக்குத் திக்கென்றது. சின்ன டாக்டர், "செட்டு ரொம்ப லூஸ் ஆயிடுச்சு பாய், புதுசா அளவு எடுத்துடலாம்" என்று, குழைத்த மருந்தைத் தட்டில் வைத்து மேல் தாடையில் அமுக்கினார். நான் தலையைப் பிடித்துக்கொண்டேன். இறுகியதும் தட்டைக் கழற்றினார்.

அந்த அளவின் மேல், காய்ச்சிய பாலில் ஆடை படியுமே, அப்படி ஒரு மெல்லிய தோல் சுருண்டு ஒட்டியிருந்தது. ராணியம்மாவின் அண்ணத்தில் அந்த இடம் பச்சையாக, ரத்தம் கசிந்துகொண்டிருந்தது. நான் எடுத்த, பார்த்த அளவுகளுக்குக் கணக்கே கிடையாது. ஒரு அளவோடும் மனுஷன் தோல் வந்து நான் பார்த்ததில்லை.

சின்ன டாக்டர் வெளிறிப்போய் டாக்டரம்மாவுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். கேஸ் கார்டைப் பார்த்துப் பார்த்துச் சொன்னார்: "மூணு தடவை ட்ரிம் பண்ணியிருக்காங்க மேடம். ஓவரா ட்ரிம் ஆகி, லூஸாகி, வாய் முழுக்க உரசியிருக்கு போல."

"அப்படியும் இருக்கலாம்" என்றார் டாக்டரம்மா. "செட்டைக் கழட்டி வெச்சுட்டு ஒரு வாரம் பாருங்க. நான் திங்கட்கிழமை வந்துடுவேன்."

ஒரு வாரம். நான் ராணியம்மாவைப் பார்த்தேன். துப்பும் கிண்ணத்தின் மேல் குனிந்து, எச்சிலை விழுங்க முடியாமல் ஒழுகவிட்டுக்கொண்டிருந்தார். அந்த "ட்ரிம் செய்தது" என் கையெழுத்து. நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் அது யாருக்கும் தெரியாது. கொஞ்சம் அதிகமாகத் தேய்த்துவிட்டான் என்ற பேரோடு போயிருக்கும்.

"அம்மா, காதர் பேசறேன்" என்றேன். "மூணாவது தடவை நான் ட்ரிம் பண்ணல. மார்க் வரல. மோட்டார காத்துல ஓட்டிக் குடுத்துட்டேன்."

டாக்டரம்மா உடனே கேட்டார்:

"மார்க் வராத இடத்துல புண்ணு இருந்துச்சா?"

"இருந்துச்சும்மா. செட்டு தொடாத இடம். இன்னிக்கு அளவு எடுத்ததுல தோலு உரிஞ்சி வந்துடுச்சு, பால் ஆடை மாதிரி."

"டாக்டர்," என்றார், இந்த முறை சின்ன டாக்டரிடம். "அவங்க தலைமுடிய விலக்கிப் பாருங்க. முதுகையும் பாருங்க. இப்பவே."

செல்வி அம்மாவின் கொண்டையை அவிழ்த்தாள். உச்சிக்குப் பின்னால் பொருக்குத் தட்டிய புண் ஒன்று. முதுகில் இன்னொன்று, நீர் கோத்து உடைந்த கொப்புளம். "பேன் கடிச்சி சொறிஞ்சதுன்னு நெனச்சேன்க்கா" என்றாள் செல்வி, டாக்டரைப் பார்த்து.

டாக்டரம்மா போனிலேயே எல்லாம் சொன்னார். செட்டை வாயில் வைக்கக் கூடாது. பஞ்சால், துணியால் எதாலும் வாயைத் தேய்க்கக் கூடாது. நாளைக்கு என்று தள்ளக் கூடாது, இன்றைக்கே சிட்டியில் பெரிய அரசு ஆஸ்பத்திரியின் தோல் பிரிவுக்குப் போக வேண்டும். தெரிந்த டாக்டருக்கு அவரே பேசினார். நான் மோட்டாரை அணைத்துவிட்டு ஆட்டோவில் கூடவே போனேன்.

அங்கே புண்ணுக்குப் பக்கத்தில், நன்றாக இருக்கிற தோலோடு சேர்த்து ஒரு துணுக்கு எடுத்தார்கள். வெறும் புண்ணை எடுத்தால் ஒன்றும் தெரியாதாம். இன்னொரு துணுக்கைத் தனியாக ஒரு மருந்து நீரில் போட்டு அனுப்பினார்கள். பெம்ஃபிகஸ் என்று முடிவு வந்தது. உடம்பைக் காக்க வேண்டிய காவலே சொந்தத் தோலை எதிரி என்று நினைத்து, தோலை ஒட்டவைத்திருக்கும் பசையைக் கரைக்கிற நோய். பல பேருக்கு வாயில்தான் முதலில் வருமாம், தோலில் வரச் சில மாதம் ஆகுமாம். அந்த மாதங்களில்தான் நான் ட்ரிம் செய்துகொண்டிருந்தேன்.

வார்டுக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் போவேன். மாத்திரையில் முகம் உப்பியிருந்தது, ஆனால் புதிதாகக் கொப்புளம் வருவது நின்றிருந்தது. குளிர்ந்த கேழ்வரகுக் கூழ் ஸ்பூனால் இறங்கிக்கொண்டிருந்தது. பேச்சு திரும்பிய அன்று என்னிடம் கேட்ட முதல் கேள்வி:

"அப்ப உன் செட்டு மேல தப்பு இல்லன்ற?"

"இல்லம்மா."

"தப்பிச்சிக்கினியா."

அதைக் கேட்டபிறகு எனக்கு மனசு கேட்கவில்லை. "ஆனா மூணாவது வாட்டி நான் உங்கள ஏமாத்தினேன். மோட்டார சும்மா ஓட்டினேன்."

"எனுக்குத் தெரியாதா? சத்தம்தான் வந்துச்சு, உன் சட்ட மேல ஒரு பொட்டு தூளு இல்ல. தராசு தட்ட விரலால அமுக்குறவன் கிட்டலாம் மீன் வாங்கினவ நானு."

"தெரிஞ்சுமா தேவலன்னு சொன்னீங்க?"

"நீ மூஞ்சத் தொங்கப் போட்டுக்கினு நின்ன. அத்தினி பேர் எதிர்ல உன்ன பேசிட்டமேன்னு பாவமா பூட்ச்சி."

  நான் அவரைச் சமாதானப்படுத்த ஒரு பொய், அவர் என்னைச் சமாதானப்படுத்த ஒரு பொய். இடையில் பத்து நாள் போயிருக்கிறது. இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் உடம்பு முழுக்கத் தோல் கழன்றிருக்கும், கிருமி தாக்கியே போயிருப்பார் என்று வார்டு டாக்டர் என்னிடம் தனியாகச் சொன்னார்.

டாக்டரம்மா ஊரில் இருந்து வந்ததும் ராணியம்மாவின் கேஸ் கார்டை எடுத்து என் பக்கம் திருப்பி வைத்தார். டக். நான் பேனாவை எடுத்து, "ட்ரிம் செய்தது" என்பதை அடித்து, நடந்ததை எழுதினேன். அவர் அதைப் படித்துவிட்டுச் சொன்னார்: "மார்க் வந்தா உங்க கேஸ். வரலைன்னா என் கேஸ்." அன்றோடு அந்தக் கிளினிக்கில் காற்றில் மோட்டார் ஓட்டுவது நின்றது. நான் நிறுத்தினேன், எனக்குப் பின் வந்தவர்களையும் ஓட்டவிடவில்லை. இதைப் பெருமையாகத்தான் சொல்கிறேன். அதற்குப் பிறகு மார்க் வராத வாய் இரண்டு மூன்றை நானே டாக்டரம்மாவிடம் அனுப்பினேன். அதில் ஒன்று மறுபடியும் இதே நோய், அது ஆரம்பத்திலேயே பிடிபட்டது.

ராணியம்மாவின் வாய் ஆற ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. நடுவில் மாத்திரையின் பக்கவிளைவாக நாக்கில் தயிர் போல வெள்ளைப் பூஞ்சை வந்து, அதற்கும் வைத்தியம் நடந்தது. புண் எல்லாம் மூடி, தோல் டாக்டர் சரி என்று சொன்னபிறகுதான் டாக்டரம்மா என்னைக் கூப்பிட்டு, "இப்போ செட்டு செய்யலாம். ஆனா இந்த வாய்க்கு ஒரு முள்ளுகூட கூடாது" என்றார்.

என் வித்தை எல்லாவற்றையும் அந்த ஒரு செட்டில் இறக்கினேன். அளவுத் தட்டின் ஓரம் முழுக்க மெழுகு ஒட்டி உருட்டினேன், வாஸலின் தடவினேன். டாக்டரம்மா கெட்டி மருந்தை விட்டுவிட்டு, தண்ணீர் மாதிரி ஓடும் மருந்தில், அமுக்காமல் அளவு எடுத்தார். தட்டு வெளியே வந்ததும் ராணியம்மாவும் சேர்த்து மூன்று பேரும் அதைத்தான் பார்த்தோம். சுத்தமாக இருந்தது. ஓரங்களை வழக்கத்தைவிடத் தடிமனாக, பென்சில் முனை போல இல்லாமல் விரல் நுனி போல உருண்டையாக வைத்தேன். கீழ் செட்டுக்கு உள்ளே மிருதுவான லைனிங் கொடுத்தேன். பாலிஷ் மட்டும் ஒரு முழு நாள். உள்பக்கத்தை என் நாக்கால் தடவிப் பார்க்காத குறை. டாக்டரம்மாவின் சுண்டுவிரல் இரண்டு சுற்றுப் போனது. ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, "நல்லா இருக்கு காதர்" என்றார். அத்தனை வருடத்தில் அவர் வாயால் அதைச் சொன்னது அந்த ஒரு முறை. சொன்ன தேதியை லேப் சுவரில் பென்சிலால் எழுதி வைத்தேன். வெள்ளையடிக்கும்வரை இருந்தது.

ராணியம்மா போட்டுக்கொண்டார். முதலில் தினம் ஒரு மணி நேரம்தான், காரம் கூடாது, மொறுமொறு கூடாது, ராத்திரி கழற்றித் தண்ணீரில் போட வேண்டும், மாத்திரையை நீங்களாக நிறுத்தக் கூடாது என்று டாக்டரம்மா அடுக்கினார். எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு, செல்வியின் கையைப் பிடித்து மாடிப்படி இறங்கி, நேராகக் கீழே டீக்கடைக்குப் போனார். எனக்குப் பொறுக்கவில்லை, பின்னாலேயே போனேன்.

ஒரு பாலும் ஒரு பன்னும் வாங்கினார். பன்னைப் பிட்டுப் பாலில் நனைத்து வாயில் வைத்தார். ஒரு பக்கம் மென்றார், மறுபக்கம் தள்ளி மென்றார். விழுங்கும்போது கண்ணை மூடினார். செல்வி அவர் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள். நானும்தான். ஸ்டேஷன் பக்கம் போகிற கூட்டம் எங்களை இடித்துக்கொண்டு போனது.

கண்ணைத் திறந்தவர் என்னைப் பார்த்தார். "இன்னா பாய், வேல வெட்டி இல்லியா? ஒருத்தி துன்றத பாத்துக்கினு நிக்கிற."

"என் செட்டு. நான் பாப்பேன்" என்றேன்.

ராணியம்மா வாயில் இருந்ததை மென்று முடித்தார். பன்னின் கடைசித் துண்டைப் பால் கிளாஸின் அடியில் துடைத்து அதையும் தின்றார். விரலை நக்கினார். பிறகு கடைக்காரர் பக்கம் கிளாஸை நீட்டினார்.

"இன்னொரு பன்னு குடுப்பா."